மிளகுக்கொடி வாடுதா? தூரைத் தோண்டிப் பார்த்துவிட்டு உரக்கடைக்குப் போங்கள்

குற்றாலத்தில் சாரல் பிடித்துக் கொஞ்ச நாளில் செங்கோட்டை, புளியரை, மேக்கரை பக்கத்து மிளகுத் தோட்டங்களில் ஒரே மாதிரிப் பேச்சுதான். "நேத்து வர நல்லா நின்னுது அண்ணாச்சி, இன்னைக்கு கொடி தொங்கிட்டு. என்ன மருந்து அடிக்க?" கேட்கிறவர் பெரும்பாலும் உரக்கடை வாசலில் நின்றுகொண்டுதான் கேட்பார். கொடியின் தூரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

மிளகுக்கொடிக்கு எந்தச் சீக்கு வந்தாலும் மேலே தெரிவது ஒன்றுதான். இலை மஞ்சளாகும், தொங்கும், கொட்டும். தூர் அழுகினாலும் அப்படித்தான், சல்லிவேர் அழுகினாலும் அப்படித்தான். நூற்புழு தின்றாலும், வேரில் மாவுப்பூச்சி உட்கார்ந்தாலும், வெறும் வெயில் கொளுத்தினாலும் அதே மஞ்சள்தான். மருந்து மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகவே மேலே தெரிகிற அறிகுறியில் ஆரம்பித்து, மண்ணுக்குள் எதைப் பார்க்க வேண்டும், பார்த்தபின் என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

கொடி அடியில் கிடக்கும் சருகை ஒதுக்குங்கள். தூரைச் சுற்றி இரண்டு மூன்று அங்குல மண்ணைக் கையாலேயே விலக்குங்கள். மம்பட்டி வேண்டாம், தூரில் படும் ஒரு சின்னக் காயம்கூட நோய்க்குத் திறந்துவிட்ட வாசல். மண்மட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும் பட்டையைச் சின்னக் கத்தியால், பெருவிரல் நகம் அகலத்துக்கு மட்டும் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெளிர் பச்சையும் வெள்ளையுமாக, ஈரமாக, இறுக்கமாக இருந்தால் தூர் நல்லபடி இருக்கிறது. பழுப்பாகவோ கறுப்பாகவோ கொழகொழவென்று இருந்து, பட்டை விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தால் அது தூர் அழுகல்.

அடுத்து, தூரிலிருந்து ஓரடி தள்ளி ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, அதிலிருக்கும் சல்லிவேரைத் தண்ணீரில் அலசுங்கள். நல்ல சல்லிவேரின் நுனி வெள்ளையாக இருக்கும், இழுத்தால் பட்டென்று அறும். அழுகிய வேரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருவினால் மேல்தோல் கழன்று கையோடு வரும், நடுவில் நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. வெள்ளைப் பொடி அப்பியதுபோல் இருந்து கூடவே எறும்பும் திரிந்தால் மாவுப்பூச்சி.

வாடிய கொடியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதற்கு அடுத்த, பச்சையாக நிற்கிற கொடியின் வேரையும் பாருங்கள். காப்பாற்ற வேண்டியது பெரும்பாலும் அதைத்தான்.

அறிகுறி: தரையோர இலைகளில் கறுப்புத் திட்டு

எல்லா அறிகுறிகளிலும் இதுதான் நமக்குச் சாதகமானது, ஏனென்றால் இந்தக் கட்டத்தில் கொடி இன்னும் பிழைக்கும். தரையில் படர்ந்த ஓடுகொடிகளின் இளந்தளிரிலும், தூரிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் இலைகளிலும் கறுப்புத் திட்டு விழும். திட்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பஞ்சு பிரிந்ததுபோல் நார் நாராகக் கறுப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு நாளில் திட்டு இலை முழுக்கப் பரவி, இலை பச்சையாக இருக்கும்போதே கொட்டிவிடும்.

திட்டைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் அது வேறு. அது கருகல் நோய், கொல்லெட்டோட்ரைகம் என்ற பூஞ்சையின் வேலை. காய்ப்பைக் குறைக்கும், ஆனால் கொடியை இப்படி அடியோடு சாய்க்காது. மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அதற்கும் கேட்கும் என்பதால் இதில் குழம்பினாலும் பெரிய நஷ்டமில்லை.

நார் ஓரம் இருந்தால் பைட்டோப்தோரா, தூரை அழுகவைக்கிற அதே கிருமி. ஊரில் எல்லோரும் இதைப் பூஞ்சை என்கிறோம், உண்மையில் இது நீர்ப்பூஞ்சை வகை. மண்ணில் தண்ணீர் தேங்கினால் அதன் வித்துகள் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது அந்த வித்துகள் அடியிலைக்கு ஏறும், அங்கிருந்து தண்டுக்கு இறங்கும். ஓடுகொடிக்கு முதலில் வருவது இதனால்தான். வெப்பம் 22 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல், வெயில் தலைகாட்டாத மூடாப்பு வானம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஆனி, ஆடி மாதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது: ஓடுகொடிகளை அன்றே வெட்டுங்கள், அல்லது தூக்கி மரத்தோடு கட்டுங்கள். திட்டு விழுந்த இலைகளைப் பொறுக்கித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். உரக்குழியில் போட்டால் எருவோடு நோயும் திரும்பி வரும். பிறகு 1 சதவீதப் போர்டோ கலவையை இலையின் இரு பக்கமும், குறிப்பாக அடிப்பகுதி முழுவதும் நனையும்படி தெளித்து, தூரைச் சுற்றி ஒன்றரை அடி வட்டத்துக்கு லிட்டருக்கு 2 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்தைக் கரைத்து ஊற்றுங்கள். கொடியின் பருமனைப் பொறுத்து 5 முதல் 10 லிட்டர் வேண்டும். "கொடிக்கு ஒரு செம்பு ஊத்துனேன்" என்றால் ஊற்றாததற்குச் சமம். சல்லிவேர் இருக்கும் ஆழம் வரை மண் நனைய வேண்டும்.

போர்டோ கலவை: கடைசரக்கை நம்பாமல் வீட்டிலேயே

10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. துத்தத்தைத் துணியில் முடிந்து 5 லிட்டர் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் வாளியில் முதல்நாள் இரவே தொங்கவிட்டால் காலையில் கரைந்திருக்கும். இரும்பு வாளி, தகர டின் எதுவும் ஆகாது, துத்தம் அதை அரித்துவிடும். சுண்ணாம்பு புதிதாக நீற்றியதாக இருக்கட்டும். பழைய பொடிச் சுண்ணாம்பு காற்றுப் பட்டு வீரியம் போனது. அதை இன்னொரு வாளியில் 5 லிட்டரில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள், இல்லையென்றால் விசைத்தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொண்டு பாதி நாள் அதைக் குத்துவதிலேயே போகும்.

இப்போது துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக்கொண்டே குச்சியால் கலக்குங்கள். மாற்றிச் செய்யக் கூடாது. சுண்ணாம்பைத் துத்தத்தில் ஊற்றினால் கலவை திரிந்து அடியில் படியும். சரியாக வந்தால் தெளிந்த வானத்தின் நீலம். சரிபார்க்க, நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று வைத்த பன்னருவாள் முனையைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். இரும்பில் செம்பு நிறம் பூத்திருந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, அப்படியே அடித்தால் தளிர் கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்த்துத் திரும்பவும் முக்குங்கள். அருவாள் நிறம் மாறாமல் வெளியே வரும்வரை இதைச் செய்யலாம்.

கலக்கிய அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும். நாளைக்கென்று மிச்சம் வைத்தால் அது வெறும் நீலத் தண்ணீர். தெளித்தபின் இலையில் காய இரண்டு மூன்று மணி நேரமாவது மழை விட வேண்டும். சாரல் நாட்களில் அந்த இடைவெளி கிடைப்பது பெரும்பாடு. அதனால்தான் முதல் தெளிப்பைச் சாரல் வருவதற்கு முன்னால், வைகாசியிலேயே முடித்துவிடச் சொல்வது. வாளி, தெளிப்பான் கழுவும் தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். செம்பு மீனுக்கு விஷம், நம் மலையோடைகள் எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது தாமிரபரணியில்.

அறிகுறி: கொடி முழுவதும் சில நாளில் தொங்கிவிட்டது

இலை பச்சை நிறத்திலேயே வதங்கித் தொங்கும். பிறகு இலையும் சரமும் பொலபொலவென்று கொட்டும். தண்டு கணுக் கணுவாக ஒடிந்து விழும். இரண்டு மூன்று வாரத்தில் மரத்தில் வெறும் கட்டை நிற்கும். இலையில் ஒரு கறுப்புத் திட்டுகூட இல்லாமலும் இது நடக்கலாம், ஏனென்றால் நோய் நேரே தூரைப் பிடித்துவிட்டது. சுரண்டினால் பட்டை கழன்று வரும்.

இந்தக் கொடி பிழைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஆள் செலவழிப்பதே இந்தக் கொடிக்குத்தான். தூர் முழுவதும் சுற்றி அழுகிவிட்டால் எந்த மருந்தும் மேலே ஏறாது. தூரில் ஒரு பக்கம் மட்டும் அழுகி, மறுபக்கம் பச்சையாக இருந்தால் மட்டும் முயன்று பார்க்கலாம். அழுகிய பகுதியை நல்ல திசு தெரியும்வரை செதுக்கி எடுத்துவிட்டு, 10 சதவீதப் போர்டோ பசை, அதாவது 1 கிலோ துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் கலக்கியதைத் தூரில் பூசுங்கள். மண்ணில் மெட்டலாக்சில், மாங்கோசெப் சேர்ந்த மருந்தை லிட்டருக்கு 1.25 கிராம் வீதம் கரைத்து ஊற்றுங்கள்.

செத்த கொடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். பலர் மேல்கொடியை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு, "தூர் மக்கட்டும்" என்று விடுகிறார்கள். மக்குகிற அந்தத் தூர்தான் அடுத்த மழைக்கு விதை.

பணத்தைப் போட வேண்டிய இடம், செத்த கொடியைச் சுற்றி நிற்கிற கொடிகள். சரிவில் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். செத்த கொடிக்குக் கீழே, தண்ணீர் ஓடும் பாதையில் இருக்கிற கொடிகளுக்கு முதலில் மருந்து. மேக்கரை மாதிரிச் சரிவுத் தோட்டங்களில் நோய் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டமாதிரி இறங்குவதைக் காணலாம். மருந்தாக, மேலே சொன்ன மெட்டலாக்சில் கலவையோ, லிட்டருக்கு 3 மில்லி பொட்டாசியம் பாஸ்போனேட்டோ கொடிக்கு 5 முதல் 10 லிட்டர் ஊற்றலாம். பாஸ்போனேட் செடிக்குள் மேலும் கீழும் இரண்டு பக்கமும் நகரக்கூடியது. மெட்டலாக்சிலையே திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தால் நோய்க்கிருமி அதற்குப் பழகிவிடும், ஆகவே மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். மண்வெட்டியையும் செருப்பையும் நோய்த் தோட்டத்திலிருந்து நல்ல தோட்டத்துக்குப் போகுமுன் கழுவுவது ஐந்து நிமிட வேலை, ஆனால் செய்கிறவர் குறைவு.

அறிகுறி: மழை விட்டபிறகு மெல்ல மஞ்சள்

சாரலிலும் ஐப்பசி மழையிலும் கொடி நன்றாகவே நிற்கும். மழை விட்டு மண் காய ஆரம்பித்ததும், தை மாசி வாக்கில், இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகும். வெயில் ஏற ஏறக் கொட்டும். அடுத்த சாரலுக்குப் புதுத் தளிர் விடும், "ஆஹா, தேறிட்டு" என்று நாமும் விட்டுவிடுவோம். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் மெலியும். இரண்டு மூன்று பருவத்தில் கொடி போய்விடும்.

இதற்குக் காரணம் சல்லிவேர் இழப்பு. மழை இருக்கும்வரை மிச்சமிருக்கும் கொஞ்ச வேரை வைத்தே கொடி சமாளிக்கும், மண் காய்ந்ததும் வேர் போதாமல் வாடும். அதே பைட்டோப்தோராவும் நூற்புழுவும் தனித்தனியாகவோ சேர்ந்தோ சல்லிவேரைத் தின்பதால்தான் இப்படி. நூற்புழுவில் இரண்டு வகை முக்கியம். வேர்முடிச்சு நூற்புழு வேரில் மணி கோத்ததுபோல் முடிச்சு விட்டிருக்கும், கண்ணுக்கே தெரியும். துளைப்பான் நூற்புழு முடிச்சு போடாது, வேரைத் துளைத்துக் கறுப்புக் கறுப்பாய்ப் புண்ணாக்கிவிடும். முடிச்சு இல்லை என்பதால் நூற்புழு இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

இங்கே வெறும் பூஞ்சைமருந்து ஊற்றினால் பாதி வேலைதான் நடக்கும். வேப்பம் புண்ணாக்கு கொடிக்கு 1 கிலோ, ட்ரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை 50 கிராம், நூற்புழுவைத் தின்னும் பொக்கோனியா பூஞ்சை 50 கிராம், இவற்றை ஈரமண்ணில் தூரைச் சுற்றிப் போட்டுக் கிளறாமல் மண்ணால் மூடுங்கள். சாரலுக்கு முன் ஒரு முறை, ஆவணி புரட்டாசியில் இன்னொரு முறை. பழைய ஆட்கள் இன்னும் போரேட் என்ற பூச்சிமருந்துக் குருணை கேட்டு வருவார்கள். அது 2020 டிசம்பர் கடைசியோடு நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. யாராவது பழைய மூட்டையை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். கைக்கும் ஆகாது, கிணற்றுக்கும் ஆகாது.

வேரில் மாவுப்பூச்சி இருந்தால் முதலில் எறும்பை ஒழியுங்கள். மாவுப்பூச்சியைக் கொடி கொடியாகச் சுமந்துகொண்டு போய் வைப்பது எறும்புதான்.

தூர், வேர் எல்லாம் வெள்ளையாக, நன்றாக இருந்தும் மஞ்சள் என்றால் நோயே இல்லாமலும் இருக்கலாம். மேற்கு வெயில் படும் பக்கம் மட்டும் மஞ்சளானால் நிழல் போதவில்லை. சித்திரை வெயிலில் இளங்கொடிக்குத் தென்னோலை மறைப்பு கட்டுங்கள். தோட்டம் முழுக்க ஒரே சீராக வெளிறினால் எருவும் உரமும் போதவில்லை. எதற்கும் மருந்தை ஊற்றிவிட்டுப் பிறகு யோசிப்பது செலவுக்குத்தான் வழி.

அறிகுறி: மருந்து ஊற்றியும் நிற்கவில்லை

எனக்கு வருகிற கேள்வியில் பாதி இதுதான். காரணங்களை அடிக்கடி நடக்கிற வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, தவறான மருந்து. வாழையில் வாடலுக்குக் கார்பென்டசிம் என்ற பூஞ்சைமருந்தை ஊற்றிப் பழகிய கை, மிளகுக்கும் அதையே ஊற்றுகிறது. பைட்டோப்தோரா அசல் பூஞ்சை இல்லை என்று சொன்னேனே, அதனால் கார்பென்டசிம் அதன் மேல் வேலை செய்யாது. எத்தனை முறை ஊற்றினாலும் அப்படித்தான். உரக்கடையில் "வாடலுக்கு மருந்து குடுங்க" என்று கேட்காமல், மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, ட்ரைக்கோடெர்மாவையும் செம்பு மருந்தையும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ போட்டது. ட்ரைக்கோடெர்மா உயிருள்ள நல்ல பூஞ்சை, காப்பர் ஆக்சிகுளோரைடு அதையும் சேர்த்துத்தான் கொல்லும். செம்பு ஊற்றினால் குறைந்தது 15 நாள், முடிந்தால் ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். பொட்டாசியம் பாஸ்போனேட்டோடு ட்ரைக்கோடெர்மா ஒத்துப்போகும் என்பதால் உயிர் உரம் போடுகிற தோட்டத்துக்கு அது தோது.

மூன்றாவது, செத்துப்போன ட்ரைக்கோடெர்மா. கோடையில் தகரக் கூரைக் கடையில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் உயிர் எங்கே இருக்கும்? தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். வாங்கியதைப் பெருக்கிக்கொள்வது இன்னும் நல்லது. நன்றாக மக்கிய சாணி எரு 90 கிலோ, வேப்பம் புண்ணாக்குப் பொடி 10 கிலோ, ட்ரைக்கோடெர்மா 1 முதல் 2 கிலோ. பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்துக்குத் தண்ணீர் தெளித்து நிழலில் குவித்து, ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். பதினைந்து நாளில் மேலெல்லாம் பச்சைப் பூசணம் பூத்திருக்கும். அதை அள்ளிக் கொடிக்குக் கொடி போடலாம். காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளைப் போல, தெளிப்பானையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஏற முடியாத இடங்களில் இதையும் வேப்பம் புண்ணாக்கையும்தான் நம்ப வேண்டும். நல்ல வேளையாக, வரும்முன் காக்க இது போதுமானதே. வந்தபின் ட்ரைக்கோடெர்மாவை மட்டும் வைத்துத் தூர் அழுகலை நிறுத்துவது கடினம்.

நான்காவது, தண்ணீர். தூரில் தண்ணீர் கட்டி நிற்கும் தோட்டத்தில் எந்த மருந்தும் நிற்காது. தூரைச் சுற்றிப் பாத்தி கட்டும் பழக்கம் தென்னைக்குச் சரி. மிளகின் தூரோ சுற்றுத் தரையைவிடச் சற்று மேடாக இருக்க வேண்டும், மழைக்காலத்தில் பாத்தியை உடைத்துவிட வேண்டும். மேல் தோட்டத்துத் தண்ணீர் உங்கள் தோட்டத்துக்குள் வராமல் வரப்போரம் ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள். இதில் பக்கத்துத் தோட்டக்காரரோடு வம்பு வரும். வந்தாலும் பரவாயில்லை, பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, நிழல். கல்யாண முருங்கை, பலா, கிளைரிசிடியா எதில் ஏற்றியிருந்தாலும் சாரலுக்கு முன்னால் கிளை கழித்துவிட வேண்டும். அடியில் வெளிச்சமும் காற்றும் வந்தால் இலை சீக்கிரம் காயும். காய்ந்த இலையில் வித்து முளைக்காது.

காலம்: கேரளத்துக் கணக்கு நமக்குப் பாதிதான்

மிளகு நோய்க்கான அட்டவணைகள் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கத்தை மனதில் வைத்து எழுதியவை. கோழிக்கோட்டில் இருக்கும் இந்திய நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் (ஐஐஎஸ்ஆர்) பரிந்துரைப்படி, பருவமழை தொடங்கும்போது ஒரு சுற்று, ஆகஸ்ட் வாக்கில் இரண்டாவது சுற்று, மழை நீண்டால் அக்டோபரில் மூன்றாவது சுற்று மண்ணில் ஊற்றுவது. நம் பக்கம் இந்த "நீண்டால்" என்ற பேச்சே கிடையாது. சாரல் முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கமெல்லாம் வடகிழக்கு மழைதான் வெளுத்துவாங்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழை மார்கழி பிறக்கும் நேரத்தில் வந்தது. ஆகவே என் கணக்கு இது: வைகாசியில் போர்டோ தெளிப்பும் மண்ணில் ஊற்றுவதும், ஆடிக் கடைசியில் கிடைக்கிற வெயில் நாளில் இரண்டாவது, புரட்டாசி பாதிக்குள் மூன்றாவது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஆடியை விடுங்கள், புரட்டாசியை விடாதீர்கள். மூன்றாவது சுற்றின்போது சரம் காய் பிடித்திருக்கும். மருந்து டப்பாவில் அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்தச் சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டு ஊற்றுங்கள்.

அமிலம் ஏறிய மண்ணாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு வருஷம் சித்திரையில் கொடிக்கு அரைக்கிலோ சுண்ணாம்பு போடலாம். அதையும் உரத்தையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.

அறிகுறி: நாற்று பையிலேயே அழுகுது

இலையில் கறுப்புத் திட்டு, தண்டு கறுத்து ஒடிதல், பையைத் தூக்கினால் வேரே இல்லாமல் கழன்று வருதல். பைமண்தான் காரணம். மண் கலவையை ஈரமாக்கிப் பரப்பி, கண்ணாடித்தாள் போன்ற பாலித்தீன் விரிப்பால் மூடி, பங்குனி சித்திரை வெயிலில் ஒரு மாதத்துக்கு மேல் வேகவிடுங்கள். நம் ஊர் வெயில் உதவுகிற இடம் இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆறியபின் ட்ரைக்கோடெர்மா கலந்து பையில் நிரப்பலாம். தாய்க்கொடியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வேரையும் ஒருமுறை பாருங்கள். வெளியில் நாற்று வாங்கினால் இரண்டு பையைக் கிழித்து வேரைப் பார்த்த பிறகே மிச்சத்துக்குப் பணம் கொடுங்கள். முகம் சுளிப்பார்கள். முடிச்சு வேரோடு நூறு நாற்றைக் கொண்டுவந்து நட்டால் நூற்புழுவை நாமே விலை கொடுத்து வாங்கி வந்த கதைதான்.

செத்த இடத்தில் திரும்ப நடலாமா?

நடலாம், உடனே வேண்டாம். பழைய வேரையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு, குழியில் சுண்ணாம்பு தூவி ஒரு கோடையாவது வெயில் காயவிடுங்கள். அதே மரத்தில் ஏற்றுவதென்றால் பழைய தூர் இருந்த பக்கத்தை விட்டு மறுபக்கம், மரத்திலிருந்து ஓரடி தள்ளி, ஒன்றரை அடிக் குழி எடுத்து நடுங்கள். இடைவெளியில் மிளகாய் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், இதே பைட்டோப்தோரா மிளகாயையும் தாக்கக்கூடியது.

ரகத்தில், பன்னியூர் 1 நன்றாகக் காய்க்கும், ஆனால் இந்த நோய்க்கு லேசில் மடங்கும். நோய் வந்த தோட்டத்துக்கு ஐஐஎஸ்ஆர் சக்தி, ஐஐஎஸ்ஆர் தேவம் இரண்டும் ஓரளவு தாங்கும். நூற்புழுத் தொல்லை அதிகமென்றால் பௌர்ணமி. எதுவும் முழுக்கத் தாங்காது. பிரேசில் திப்பிலி வேரில் மிளகை ஒட்டுக் கட்டி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேர் பைட்டோப்தோராவுக்கு மசியாது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வருஷம் முழுக்க ஈரம் வேண்டும். வற்றாத ஓடைக்கரைப் பாக்குத்தோப்பு உள்ளவர் வாங்கலாம். கடையம், களக்காடு பக்கம் மாசி முதல் வைகாசி வரை காய்கிற நிலத்தில் நட்டால் நோயிலிருந்து தப்பித்து வெயிலில் சாகும்.

தூர் அழுகல் என்று பயப்பட வேண்டாதவை

காய் பொள்ளலாக, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்து, காயில் சின்னத் துளை தெரிந்தால் பொள்ளு வண்டு. துளையில்லாமல் காய் வெடித்துக் கறுத்திருந்தால் முன்பு சொன்ன கருகல். இலை சிறுத்து, நெளிந்து, கணு நெருங்கி, பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழுந்தால் அது வைரஸ், குட்டை நோய். அதற்கு மருந்தில்லை, கொடியைப் பிடுங்கிவிட வேண்டும். அந்தக் கொடியிலிருந்து ஒரு துண்டுகூட நாற்றுக்கு எடுக்காதீர்கள்.

இத்தனையும் பார்த்தும் பிடிபடவில்லையென்றால்

மண்ணையும் வேரையும் ஆய்வுக்குக் கொடுங்கள். கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி பஸ் தூரத்தில்தான் இருக்கிறது, குமரி எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். செத்துக் காய்ந்த கொடியை வெட்டிக்கொண்டு போகாதீர்கள், அதில் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது. வாட ஆரம்பித்திருக்கும் கொடியிலிருந்து தூர்ப்பட்டை ஒரு துண்டு, சல்லிவேர் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றிய மண் அரைக்கிலோ, நார் ஓரம் தெரிகிற இலை நாலைந்து, இவற்றைத் தனித்தனிப் பையில், வேரும் மண்ணும் காயாமல் ஈரத்தோடு கட்டி எடுங்கள். வெயிலில் பைக் மேல் வைத்துக்கொண்டு போனால் நூற்புழு வழியிலேயே செத்துவிடும், நிழலில் வையுங்கள். கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.